அறிவியல் புனைகதையைக் களத்தில் இறங்கி ஆடுவது: கோத்தகிரி முயற்சிக்கு ஆலோசனை தேவை

தேயிலைச்சரிவு (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரியில் நாங்கள் பதினைந்து பேர் மாதம் ஒருமுறை கூடி அறிவியல் புனைகதைகளை வாசித்துப் பேசி வருகிறோம். வருகிற ஜனவரியில், வாசித்த கதையின் உலகத்துக்குள் நாங்களே பாத்திரங்களாக நுழைந்து, வேடமிட்டு, ஒரு முழுப் பகலும் ஆடிப் பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். மனப்பாடம் செய்த வசனமோ பார்வையாளர்களோ கிடையாது. நண்பர் ஒருவர் தமது தேயிலைத் தோட்டத்தையும் அங்குள்ள பழைய பங்களாவையும் இதற்காகத் தருகிறார்.

தேர்ந்தெடுத்திருப்பது சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. நாவலில் நாட்டையே ஆளும் ஜீவா வெறும் ஒளிப்படிமம்தான் (ஹாலோகிராம்) என்பது எங்களில் அனேகருக்கு முன்பே தெரியும்; அப்படியிருக்க, தெரியாதவர்களைப் போல நாள் முழுவதும் தேடிக்கொண்டிருப்பதில் என்ன சுவை இருக்கும் என்ற கவலை எனக்கு இருக்கிறது. அந்த ஒளிப்படிமத்தையும் ஜீனோ என்ற இயந்திர நாயையும் கையிலுள்ள சொற்பப் பணத்தில் எப்படிக் காட்டுவது என்பது இன்னொரு கேள்வி. மேலும், ஜீவாவின் ஆட்சிக்குத் தப்பிக் காட்டில் ஒளிந்திருக்கும் பழங்குடிக் கூட்டம் ஒன்றைப் புதிதாகச் சேர்த்து, நான்கு பேருக்கு முகச்சாயமும் இலையாடையும் கொடுக்கலாமா என்றும் யோசிக்கிறோம். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய வாசகன்:

உங்கள் முதல் கேள்விக்கு இந்த விளையாட்டின் வரலாற்றிலேயே ஒரு பதில் இருக்கிறது. லாரி நிவனும் ஸ்டீவன் பார்ன்ஸும் சேர்ந்து எழுதிய ‘ட்ரீம் பார்க்’ என்ற நாவல் 1981-இல் வெளிவந்தது. வருங்காலக் கேளிக்கைப் பூங்கா ஒன்றில் ஆட்டக்காரர்கள் வேடமிட்டு, ஒளிப்படிமங்களால் ஆன பூதங்களோடு போரிடுகிறார்கள். அந்த ஆட்டங்களை ‘இன்டர்நேஷனல் ஃபேன்டஸி கேமிங் சொசைட்டி’ என்ற கற்பனைச் சங்கம் ஒழுங்குபடுத்துகிறது. அதே ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள போல்டர் நகரத்து ஆர்வலர்கள் அதே பெயரில் உண்மையான சங்கத்தைத் தொடங்கிவிட்டார்கள். நாவலில் ஒரு கொலை மர்மமும் உண்டு. அவர்கள் எடுத்துக்கொண்டது அந்த மர்மத்தை அல்ல. ஒருவர் ஆட்டத்தை அமைக்க, பலர் குழுவாக அதைக் கடந்துசெல்லும் முறையைத்தான். ஒளிப்படிமத்துக்குப் பதிலாக வேடமிட்ட தொண்டர்கள் பூதங்களாக வந்து நின்றார்கள்.

இன்னொரு வழி, தெரிந்த கதையின் ஓரத்தில் ஆடுவது. 2013-இல் சுவீடனின் கோத்தன்பர்க் நகரில், ஓய்வு கொடுக்கப்பட்ட ஸ்மாலண்ட் என்ற போர்க்கப்பலையே விண்கலமாக வைத்து ஓர் ஆட்டம் நடத்தினார்கள். தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் உலகம்தான் களம். ஆனால் ஆட்டக்காரர்கள் அதில் வரும் நாயகர்கள் அல்லர், வேறொரு கலத்தில் இருந்தவர்கள். நீங்களும் முக்கியப் பாத்திரங்களான நிலாவையும் சிபியையும் நாவலிலேயே விட்டுவிட்டு, ஜீவாவின் ஆட்சியில் நீலகிரியில் வாழ்ந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று தொடங்கிப் பாருங்கள்.

குன்னூர்க்காரர்:

எங்கள் முதல் ஆட்டத்தில் பட்டதைச் சொல்கிறேன். பிளாஸ்டிக் குழாயில் மெத்தைக்கு வைக்கும் நுரைப்பஞ்சைச் சுற்றித் துணிநாடா ஒட்டி வாள்கள் செய்தோம். பதினோரு மணிக்குத் தூறல் பிடித்துக்கொண்டது. பஞ்சு தண்ணீரைக் குடித்து, மென்மையாக இருக்க வேண்டிய வாள் நனைந்த சாக்கைப் போலக் கனத்தது. ஒருவருக்குத் தோள் வீங்கிவிட்டது. ஏசி குழாய்களுக்கு மாட்டுகிறார்களே, அந்தக் கறுப்பு நுரைக்குழாய் தண்ணீரை உறிஞ்சாது. அதையே வாங்குங்கள்.

அதைவிடப் பெரிய தவறு, ஆட்டத்தை நிறுத்தும் சொல்லாக ‘நிறுத்து’ என்பதையே வைத்திருந்தது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே கால் பிசகி விழுந்த ஒரு தம்பி, “நிறுத்துங்கள், நிறுத்துங்கள்” என்று கதறியபோது, கைதியாக அருமையாக நடிக்கிறான் என்று நினைத்து நாங்கள் அவனைச் சுற்றி நின்று அதட்டிக்கொண்டிருந்தோம். அவன் முகம் வெளுத்த பிறகுதான் புரிந்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது. ஆட்டத்துக்குள் இயல்பாக யார் வாயிலும் வர முடியாத ஒரு சொல்லைத் தேர்ந்தெடுங்கள்.

பிற்பகல் மூன்று மணிக்குமேல் பனிமூட்டம் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் காட்டெருமை நிற்பதுகூடத் தெரியாது. ஆகவே வெளிக்காட்சிகளை மதியத்துக்குள் முடித்துக்கொண்டு பங்களாவுக்குள் வந்துவிடுங்கள். தோட்டத்தை ஒட்டிய சோலைக்குள் வனத்துறை அனுமதியின்றி யாரும் காலெடுத்து வைக்கக் கூடாது.

உதகை ஆசிரியை:

முடிவு தெரிந்திருப்பது ஆட்டத்தைக் கெடுத்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. நான் பிறந்த வட ஆர்க்காட்டுப் பகுதியில் திரௌபதி அம்மன் திருவிழாவின்போது, களத்தில் படுத்திருக்கும் பிரம்மாண்டமான மண் துரியோதனனைச் சுற்றி ஊரே கூடிப் படுகளம் காண்கிறது. அவன் மடியப்போகிறான் என்று தெரியாத குழந்தைகூட அங்கே கிடையாது. ஆனாலும் பீமன் ஓடிவரும்போது எல்லோருக்கும் உடல் சிலிர்க்கிறது. ஜீவா பொய் என்று தெரிந்த பின்னும் அவருக்கு வணக்கம் சொல்லியே தீர வேண்டிய அரசு ஊழியராக ஒருவர் ஒரு பகல் முழுவதும் இருந்து பார்க்கட்டும். ஒளிப்படிமத்துக்கு வெள்ளை வேட்டித் திரையும் பின்னால் ஒரு விளக்கும் போதும்.

நீலகிரியில் நடக்கும் கதை என்றால் உதகை அருகே முத்தோரையில், விண்ணிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்கும் ரேடியோ தொலைநோக்கியை நினைத்துப் பாருங்கள். 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட அது 1970-இல் கட்டி முடிக்கப்பட்டது. அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சமமான கோணத்தில் சாய்ந்த மலைச்சரிவில் அமைத்ததால், அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்கிறது. ஒரே அச்சில் திருப்பியே ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்குமேல் பின்தொடரலாம். அங்கே இரவுப் பணியில் இருப்பவர்கள் ஆட்சி தடைசெய்த ஒரு சமிக்ஞையைக் கேட்டுவிடுவதாக வைத்து, பங்களாவின் கூடத்தையே கட்டுப்பாட்டு அறையாக்கிக்கொள்ளலாம்.

பழங்குடி வேடத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ‘ட்ரீம் பார்க்’ நாவலின் ஆட்டமும் மெலனீசிய மக்களின் நம்பிக்கைகளைத்தான் களமாக்கியது. அங்கே அது யாருக்கோ தொலைதூரத்துக் கற்பனை. இங்கே தோடர்களும் கோத்தர்களும் இருளர்களும் குறும்பர்களும் நம்முடன் அதே பேருந்தில் பயணம் செய்கிறார்கள். என் வகுப்பில் படிக்கும் ஒரு தோடர் வீட்டுப் பிள்ளை அந்த இலையாடையைப் பார்த்தால் என்ன நினைப்பாள்? தப்பி வந்தவர்கள் வேண்டுமென்றால், அவர்கள் தோட்டத்துக் கணக்கராகவும் தபால்காரராகவும் இருக்கட்டும்.

தேயிலைச்சரிவு:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆசிரியை அம்மா சொன்னது சரி. அந்தக் கூட்டத்தை நேற்றே கதையிலிருந்து எடுத்துவிட்டோம். முத்தோரை இரவுப் பணி எல்லோருக்கும் பிடித்துவிட்டது.

குன்னூர் அண்ணன் சொன்ன நிறுத்தும் சொல்லுக்கு நாவலிலேயே வழி கிடைத்தது. ஜீவாவின் ஆட்சியில் யாருக்கும் இரண்டு எழுத்துக்குமேல் பெயர் கிடையாது அல்லவா? அதனால் வாசலிலேயே ஒவ்வொருவருக்கும் இரண்டெழுத்துப் பெயர் ஒன்றைக் கொடுத்துவிடப் போகிறோம். மாலை வரை அதுதான் பெயர். யாராவது தமது தாய் தந்தையர் வைத்த முழுப் பெயரை உரக்கச் சொன்னால், அந்த நொடியே எல்லோரும் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு அவரிடம் ஓடிவர வேண்டும்.