பலாட்ரோ சீட்டில் டாரோ பார்க்கிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

முகப்புத்திண்ணை:
காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். பலாட்ரோ என்கிற போக்கர் வீடியோ கேமில் வருகிற 22 டாரோ (குறி பார்க்கும் படச் சீட்டு) சீட்டுகளையும் என் தம்பி கெட்டி அட்டையில் பிரிண்ட் எடுத்து வெட்டிக் கொடுத்திருக்கிறான், வீட்டுக்குள் வைத்துக்கொள்ளத்தான். சிக்கல் அர்த்தத்தில். கானாடுகாத்தானில் ஐயா வீட்டில் எங்கள் புள்ளிக்கு (குடும்பத்துக்கு) உள்ள பங்கை விற்பதா, இல்லை பங்காளிகளோடு சேர்ந்து வீட்டைத் தங்கும் விடுதியாக்குவதா என்று பேச்சு ஓடுகிறது. பெரியப்பச்சி (பெரியப்பா) மகள் ஆச்சி (அக்கா) அதை நினைத்துச் சீட்டு எடுத்தார். வந்தது ஜஸ்டிஸ் (நீதி), டவர் (கோபுரம்), ஹெர்மிட் (துறவி). டவரைப் பார்த்ததும் ஆச்சிக்கு முகம் வாடிவிட்டது, இடி விழுந்து சரிகிற சீட்டு என்று எங்கோ படித்திருக்கிறார். ஆனால் கேமில் டவர் எதையும் இடிப்பதில்லை, கையில் இருக்கிற ஆட்டச் சீட்டு ஒன்றைக் கல்லாக்குகிறது, அவ்வளவுதான். எதை எடுத்துக்கொள்வது? விளையாட்டுச் சீட்டில் குறி கேட்பதா என்று அப்பத்தா வேறு திட்டுகிறார்.

நாலில்ஒன்று:
டாரோவே விளையாட்டுச் சீட்டுதான் என்று அப்பத்தாவிடம் சொல்லுங்கள். 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் சீட்டாடுவதற்காகச் செய்தார்கள், குறி பார்ப்பது பரவியது 18ஆம் நூற்றாண்டுப் பிரான்சில். நம் வீடுகளிலும் தாயம் ஆட உருட்டுகிற அதே சோழியில்தானே பிரசன்னமும் பார்க்கிறார்கள்.

நான் எப்போதும் சீட்டு கேமில் என்ன செய்கிறதோ அதை வைத்தே சொல்வேன். பல இடங்களில் மரபோடு ஒத்துப்போகிறது. டெத் ஒரு சீட்டை இன்னொரு சீட்டாக மாற்றும், டாரோ பார்க்கிறவர்களும் அதைச் சாவு என்று சொல்வதில்லை, மாற்றம் என்றுதான் சொல்வார்கள். டெவில் சீட்டைத் தங்கமாக்கும், ஆனால் அதை இறக்காமல் சுற்று முடியும்வரை கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தால்தான் 3 டாலர் வரும், பேராசையை இதைவிட நன்றாக ஒரு படத்தால் சொல்லிவிட முடியாது.

ஆச்சியின் மூன்று சீட்டுக்கு வருகிறேன். ஜஸ்டிஸ் சீட்டைக் கண்ணாடியாக்கும், மதிப்பெண் பெருக்கல் இரண்டு மடங்கு, ஆனால் எண்ணி முடித்ததும் உடைந்துபோக நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. அதாவது பங்கைப் பிரித்தால் லாபம், உறவு உடையவும் கூடும். டவர் தருகிற கல்லுக்கு எண்ணும் கிடையாது, இனமும் கிடையாது, எந்த ஜோடியிலும் சேராது, ஆனால் எந்தக் கையோடு இறக்கினாலும் 50 சிப் (மதிப்பெண்) நிச்சயம். தேக்குத் தூணும் ஆத்தங்குடித் தரையுமாக நிற்கிற வீட்டுக்கு இது பொருத்தமாகவே இருக்கிறது, மதிப்பு போகாது, அதைக் கொண்டு வேறொன்றைக் கோப்பதும் சுலபமில்லை. ஹெர்மிட் இருக்கிற பணத்தை இரட்டிப்பாக்கும், அதுவும் 20 டாலர் வரைதான். கையில் ஒன்றும் இல்லாவிட்டால் அது தருவதும் ஒன்றுமில்லை. விடுதி என்றால் கூரை ஒழுகுவதிலிருந்து குளியலறை வரை முதல் போட வேண்டும், அது யாரிடம் இருக்கிறது என்று சீட்டு கேட்கிறது.

ஒரே நிபந்தனை, கேம் அர்த்தமா மரபு அர்த்தமா என்று கலைப்பதற்கு முன்பே முடிவு பண்ணிவிடுங்கள். சீட்டைத் திருப்பிப் பார்த்த பிறகு பிடித்த அர்த்தத்தைத் தேடினால் அது குறியே இல்லை.

தேவகோட்டை ரஸ்தா:
மேலே சொன்னதில் பாதிதான் எனக்குச் சம்மதம். ஸ்டார், மூன், சன், வேர்ல்ட் நான்கும் சீட்டுகளை டைமண்ட், கிளாவர், ஹார்ட்டின், ஸ்பேட் என்று இனம் மாற்றுகின்றன. ஹார்ட்டினை டாரோவின் கோப்பை இனம் என்று வைத்துக்கொண்டால் சன் நன்றாகவே வருகிறது, மனசு சம்பந்தப்பட்டது. ஆனால் ஸ்பேட் என்றால் டாரோவில் வாள் இனம். வேர்ல்ட் எடுத்தவரிடம் எல்லாம் சண்டையாக மாறும் என்றா சொல்வீர்கள்? அது நிறைவுக்கான சீட்டு. அங்கே நான் கேமை விட்டுவிட்டு மரபைப் பிடிப்பேன், அதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும்.

22 சீட்டு மட்டும் போதாது என்று தோன்றினால் சாதாரணச் சீட்டுக்கட்டு 52ஐயும் சேர்த்துக் கலையுங்கள். முழு டாரோவில் 78, சின்னச் சீட்டுகள் 56, நைட் (குதிரைவீரன்) நான்கும்தான் குறையும், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

வில்லங்கம்:
பிரிக்காத பங்கு என்றால் முதலில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். எத்தனை பங்காளி, யார் யார் மலேசியாவில், யார் கையெழுத்து போடுவார் என்று எந்தச் சீட்டிலும் வராது.

முகப்புத்திண்ணை:
வில்லங்கம் அண்ணே, அதற்கு வக்கீலைப் பார்த்தாகிவிட்டது, இது ஆச்சியின் மனசுக்கு. சோழி கதையைச் சொன்னேன், "சோழிக்குப் பூசை போட்டிருக்கு, உன் அட்டைக்கு யார் போட்டா?" என்கிறார் அப்பத்தா. ஹெர்மிட்டைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஆச்சி, முதல் யார் போடுவது என்று பெரியப்பச்சியிடமே கேட்டுவிடப் போகிறாராம். இன்னொன்று, சீட்டு தலைகீழாக வந்தால்?

நாலில்ஒன்று:
கேமில் தலைகீழ் கிடையாது. நேராகத் திருப்பி வைத்துவிட்டுப் படியுங்கள்.