ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்: மாத்திரையா, அப்ளேஷனா?

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது, பிரஷர் உண்டு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் போவது என்கிறார்கள், படபடப்பு வந்து வந்து போகிறது. துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் மாத்திரையைத் தொடரலாம், இல்லை அப்ளேஷன் (மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தி, கோளாறான துடிப்பு கிளம்பும் இடத்தைச் செயலிழக்க வைப்பது) செய்யலாம், நீங்களே யோசித்துச் சொல்லுங்கள் என்கிறார் டாக்டர். செய்துவிட்டால் ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில் 1: மாத்திரையை நிறுத்திவிடலாம் என்பதை மட்டும் நம்பி அப்ளேஷன் செய்யாதீர்கள். அப்ளேஷனுக்குப் பிறகு குறைந்தது 2 மாதம் அந்த மாத்திரையைப் போட்டே ஆக வேண்டும், அப்புறம் தொடர்வதா என்பதை வயது, பிரஷர், சுகர், முன்பு பக்கவாதம் வந்ததா என்பதையெல்லாம் வைத்துத்தான் முடிவு செய்வார்கள், துடிப்பு சீராகிவிட்டது என்பதற்காக நிறுத்த மாட்டார்கள்.

பதில் 2: எக்கோவில் (இதய ஸ்கேனில்) மைட்ரல் என்ற இதய வால்வில் சுருக்கம் இருக்கிறதா? ருமாட்டிக் காய்ச்சலால் வந்த சுருக்கம் என்றால் ரத்தம் உறையாமலிருக்க ரிவராக்சபான் போன்ற புது மாத்திரைகள் வேண்டாம், பழைய வார்ஃபரின் வகைதான். 2022இல் வந்த இன்விக்டஸ் ஆய்விலும் ரிவராக்சபானை விட அந்த வகைதான் மேல் என்று தெரிந்தது. என் அம்மாவுக்கு அந்த வகையில் அசிட்ரோம் மாத்திரை, ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் டெஸ்ட் அளவு) 2க்கும் 3க்கும் நடுவில் நிற்க வேண்டும், ஒரு வாரம் முருங்கைக்கீரையாகவே சாப்பிட்டால் இறங்கிவிடுகிறது. கீரையை விட வேண்டாம், அளவை மாற்றாமல் சாப்பிடச் சொல்லுங்கள்.

பதில் 3: விட்டு விட்டு வரும் கட்டத்தில்தான் அப்ளேஷனுக்கு நல்ல பலன், நிலைத்துவிட்டால் கஷ்டம். சிலருக்கு இரண்டாம் முறையும் தேவைப்படும், அதற்கும் சேர்த்துச் செலவைக் கேட்டு வையுங்கள். அமியோடரோன் என்றால் தைராய்டு, கல்லீரல் டெஸ்ட்டைத் தள்ளிப்போடாதீர்கள். அப்பா பலமாகக் குறட்டை விடுவாரா? தூக்கத்தில் மூச்சு தடைபடுவதும் இந்தப் பிரச்சினையைக் கூட்டலாம், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.