தூண்டில் ஃப்ளையைப் படம் எடுப்பது எப்படி? உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. டிரவுட் மீனுக்கு ஃப்ளை, அதாவது தூண்டில் முள்ளில் இறகு முதலியவற்றைச் சுற்றிச் செய்யும் போலிப் பூச்சி, கட்டப் பழகி ஆறு மாதம் ஆகிறது. இருப்பது ஊட்டிப் பக்கம். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட டிரவுட் நூறு வருஷம் தாண்டியும் அவலாஞ்சியில் இருப்பதால் வந்த பைத்தியம் இது.

இப்போது கட்டுவது ஃபெசன்ட் டெயில் நிம்ஃப், நீருக்கடியில் வாழும் இளம் பூச்சியைப் போன்ற ஃப்ளை. இங்கிலாந்தில் ஏவன் ஆற்றைப் பராமரித்துவந்த ஃபிராங்க் சாயர் உருவாக்கியது. நூலே கிடையாது, மெல்லிய செம்புக் கம்பியும் ஃபெசன்ட் என்ற கோழி இனப் பறவையின் வால் இறகும்தான். கம்பியே கட்டுக்கும் ஆச்சு, எடைக்கும் ஆச்சு. ஃபெசன்ட்டுக்கு நான் எங்கே போவது? சேவல் இறகை வைத்து ஒப்பேற்றுகிறேன். 14ஆம் நம்பர் முள்ளில் பார்க்க மோசமில்லை.

சிக்கல் படம் எடுப்பதில்தான். போனைக் கிட்டே கொண்டுபோனால் பின்னால் இருக்கும் சுவர் தெளிவாக விழுகிறது, ஃப்ளை மங்கிவிடுகிறது. ஃப்ளாஷ் போட்டால் செம்பு வெளுத்துப்போய் இறகின் இழை எதுவும் தெரிவதில்லை. ஜன்னல் ஓரம் வைத்து, பின்னால் சாம்பல் நிற அட்டையை நிறுத்தியதில் கொஞ்சம் தேவலை. ஆனாலும் தலை தெளிவானால் வால் மங்குகிறது.

சின்னப் பொருளைக் கிட்டே வைத்து எடுக்கப் போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸ் வாங்கலாமா, இல்லை சற்றுத் தள்ளிவைத்து எடுத்துவிட்டு வேண்டியதை மட்டும் வெட்டிக்கொள்வது நல்லதா? நீங்கள் எடுத்த படம் இருந்தால் போடுங்கள். அப்புறம், சேவல் இறகைவிடப் பொருத்தமாக இங்கே கிடைக்கிற இறகு ஏதாவது உண்டா?