பொருள்: காதுப்பஞ்சு உறையில் உள்ள '29'க்குத் தமிழ்ச்சொல்

வணக்கம். செல்லூர் விசைத்தறித் தொழிலாளர்களுக்கு வெள்ளிக்கிழமை செவிப் பாதுகாப்பு வகுப்பு. கையேடு புதனன்று அச்சுக்குப் போகிறது. இரைச்சலைத் தடுக்கக் காதில் செருகும் நுரைப்பஞ்சின் உறைமேல் 'நாய்ஸ் ரிடக்‌ஷன் ரேட்டிங் 29' என்று இருப்பதை 'இரைச்சல் குறைப்பு வீதம்' என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த தறிக்காரர், "நூற்றுக்கு இருபத்தொன்பதா?" என்று கேட்டார். அது டெசிபல் கணக்கு, வீதமே அன்று. வேறு சொல் தாருங்கள்.
– திருநகர்

அம்மா, வீதத்தை விட்டது நன்று. இரைச்சலையும் விடலாம், மூச்சு வாங்கினாலும் இரைக்கிறது என்கிறோம். 'ஒலி'யும் வேண்டாம்: ஒலித்தலுக்குத் தழைத்தல் என்றும் பொருள் உண்டு, சங்கப் பாடல்களின் 'ஒலிமென் கூந்தல்' அடர்ந்த கூந்தல்தானே. 'அரவத் தணியெண்' என்று வினைத்தொகையாக வையுங்கள்.
– பசுமலை

ஐயா, ஆள் அரவம் இல்லாத இடம் என்கிறோம். அரவம் மெல்லிய சத்தம். முப்பது தறி ஒன்றாக ஓடும் கூடத்துக்கு இரைச்சல்தான் சொல். மேலும் தணிப்பது பஞ்சு, எண்ணா தணிக்கிறது?
– செல்லூர்

தம்பி, ஆடரங்கு என்கிறோமே, அரங்கா ஆடுகிறது? வினைத்தொகை, அதாவது காலம் கரந்த பெயரெச்சம், வினைமுதலை, அதாவது செய்பவரை, மட்டும்தான் தழுவும் என்று எந்த இலக்கணமும் சொல்லவில்லை.
– பசுமலை

இலக்கணம் இருக்கட்டும். நான் பாதுகாப்பு அலுவலராக இருந்தவன். சொல் எதுவானாலும் அந்த 29 தொழிலாளியின் காதில் கிடைப்பது என்று நம்ப வைக்கக் கூடாது. உறைமேல் போடும் விவர அட்டைக்கு 1979இல் வந்த அமெரிக்க விதிப்படி ஆய்வகத்தில் எடுத்த எண் அது. சோதனை நடத்துபவரே பஞ்சைச் சரியாகச் செருகிவிட்டு அளந்தது. நம் ஆட்கள் எப்படிச் செருகுகிறார்கள்? எண்ணெய்க் கையோடு, உருட்டாமல், பாதி வெளியே தெரிய. மெல்லிய திரியாக உருட்டி, மறுகையால் காதை மேலே பின்னோக்கி இழுத்து, செருகியபின் விரியும்வரை விரலால் பிடித்திருக்க வேண்டும்.

தொழிலாளர் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் 1998இல் அட்டை எண்ணிலிருந்து கழிக்கச் சொன்னது இது: காதுமூடிக்கு 25 விழுக்காடு, நுரைப்பஞ்சுக்கு 50, மற்றச் செருகிகளுக்கு 70. ஆக 29 பதினான்கரை ஆகிறது. காது கேட்கும் திறனுக்கு ஏற்பத் திருத்திய 'ஏ' அளவில் அளந்த இரைச்சல் என்றால் இன்னும் ஏழு போகும், மிஞ்சுவது ஏழரை. கூடத்தில் 98 டெசிபல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டையை நம்பினால் காதுக்கு 69. கழித்துப் பார்த்தால் 90.5. எட்டு மணி நேரத்துக்கு நம் தொழிற்சாலை விதிகள் வைத்த வரம்பே 90. 'அட்டைத் தணிப்பு' என்று போடுங்கள்.
– மேலூர்

அட்டை என்றால் மழைக்காலத்தில் காலில் ஏறுவதும் அட்டைதான். 'ஆய்வகத் தணிப்பெண்' என்றால் என்ன?
– திருமங்கலம்

நால்வர் தனிமடலில் இதற்கே ஒப்பினார்கள். 'ஆய்வகத் தணிப்பெண்' என்றே அனுப்புகிறேன். மேலூர் ஐயாவின் கணக்கு அதே பக்கத்தில் கட்டம் கட்டி வரும். காதை இழுத்துச் செருகும் படமும் சேர்த்துவிட்டேன்.
– திருநகர்

அச்சுக்குப் போகட்டும் அம்மா, தடுக்கவில்லை. ஆனால் எங்கே அளந்தார்கள் என்பதைச் சொல்லுக்குள் திணித்தால் அது விளக்கம், கலைச்சொல் அன்று. நாளை தறிக்கூடத்திலேயே ஒவ்வொருவர் காதிலும் அளந்தால் அந்த எண்ணுக்கு என்ன பெயர் வைப்பீர்கள்? தணியெண் என்றிருந்தால் இரண்டுக்கும் பொருந்தியிருக்கும்.
– பசுமலை