மீத்திறனும் படைப்பு மனமும் கொண்ட பெரியவர்களுக்குத் தனியான உளச்சிகிச்சை தேவையா?

கேள்வி | இடுகை: மூன்றாம்_அங்கம்

அனைவருக்கும் வணக்கம். சிறு வயதிலிருந்தே கெட்டிக்காரன் என்ற பெயரோடு வளர்ந்தவன் நான். வயிற்றுப்பாட்டுக்கு மென்பொருள் வடிவமைப்பும் மனநிறைவுக்கு நாடக எழுத்துமாகக் காலம் கழிகிறது. தொடங்கிய எதையும் முடிக்க இயலாத நிலையும், முடித்ததைப் பிறர் பாராட்டினால் "இவர்களும் ஏமாந்துவிட்டார்கள்" என்று தோன்றுகிற கூச்சமும், இவ்வளவும் எதற்காக என்ற சோர்வும் ஒன்றுசேர்ந்து அழுத்தியதால் மனநல ஆலோசகர் ஒருவரிடம் சென்றுவருகிறேன்.

அவர் நல்லவர், பொறுமைசாலி. ஆயினும் ஒவ்வோர் அமர்விலும் என் சிக்கலை நானே அலசி, காரணங்களை அடுக்கி, அவர் கேட்கவிருக்கும் கேள்விக்கும் முன்கூட்டியே விடை சொல்லிவிடுகிறேன். அவர் என் தெளிவை மெச்சுகிறார். வெளியே வரும்போது உள்ளே எதுவும் அசைந்திருப்பதில்லை. எதிர்மறை எண்ணத்தைத் தாளில் எழுதி அதற்கு ஆதரவாகவும் எதிராகவும் சான்றுகளைத் திரட்டும் பயிற்சியைக் கொடுத்தார்; இரு தரப்புக்கும் சம வலிமையுள்ள வாதங்களை எழுதிக்கொண்டு போய் நீட்டினேன். இருவரும் சிரித்தோம், அவ்வளவுதான்.

மீத்திறன், அதாவது வழக்கத்தை மீறிய அறிவுத்திறன், உள்ள பெரியவர்களுக்கென்றே ஆலோசனை வழங்குவதாகச் சொல்லும் சிலரை இணையத்தில் பார்த்தேன். இது உண்மையிலேயே தனித்துறையா, அல்லது நம்மைப் போன்றவர்களின் தற்பெருமைக்குத் தீனி போடும் விளம்பரமா? இன்னொன்றையும் கேட்க வேண்டும். முழுமையாகக் குணமடைந்துவிட்டால், எழுத வைக்கிற அந்த உறுத்தலும் என்னை விட்டுப் போய்விடுமோ என்ற அச்சம் எனக்கு இருக்கிறது. இதை ஆலோசகரிடம் இதுவரை சொல்லவில்லை.

மறுமொழி 1 | செவிமடுப்பவள்

பெரியவர்களுக்கு ஆலோசனை வழங்கும் தொழிலில் இருப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்களை நேரில் அறியாமல் எழுதுவதால் இதைச் சிகிச்சையாகக் கொள்ள வேண்டாம்.

நீங்கள் விவரிக்கும் பழக்கத்தை உளப்பகுப்பாய்வு மரபில் அறிவுமயமாக்கல் என்பார்கள். உணர்ச்சி பொங்கி வருகிற இடத்தில் அதைப் பற்றிய கருத்தை நிறுத்திவிட்டு, உணர்ச்சியை வாசலிலேயே தடுத்துவிடுகிற தற்காப்பு முறை இது. வளரிளம் பருவத்தினரிடம் இது எப்படி வேலை செய்கிறது என்று உளப்பகுப்பாய்வாளர் அன்னா பிராய்ட் 1936இலேயே விரிவாக எழுதியிருக்கிறார். அறிவுக்கூர்மை உள்ளவர்களிடம் மட்டுமே இது இருக்கிறது என்பதல்ல. அவர்களிடம் இது மிகத் திறமையாகச் செயல்படுவதால் எதிரில் இருப்பவருக்கும் தெரிவதில்லை என்பதுதான் சிக்கல். விடை சொன்னபோதெல்லாம் பாராட்டப்பட்டு, அழுதபோது "உனக்கா இப்படி?" என்று கேட்கப்பட்ட குழந்தை, துயரத்தையும் விடையாகவே சொல்லப் பழகிவிடுகிறது. உங்கள் ஆலோசகர் தெளிவைப் பாராட்டும் ஒவ்வொரு முறையும், அவர் அறியாமலேயே அந்தப் பழைய வகுப்பறை மீண்டும் கூடுகிறது. இதில் அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சுவையாகப் பேசுகிறவர் எதிரில் அமர்ந்திருந்தால் அமர்வு நன்றாகப் போகிறது என்று எங்களுக்கும் தோன்றிவிடும்.

எனவே ஆளை மாற்றுவதற்கு முன், இங்கே எழுதியதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். சிகிச்சையாளரும் நாடி வருபவரும் சேர்ந்து இயங்கும் சிகிச்சைக் கூட்டுறவு என்பதில் மூன்று கூறுகள் இருப்பதாக உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979இல் வகுத்தார்: எதை நோக்கிப் போகிறோம் என்ற இலக்கில் உடன்பாடு, அதற்காக என்ன செய்கிறோம் என்ற பணியில் உடன்பாடு, இருவருக்கும் இடையிலான பிணைப்பு. உங்கள் விவரிப்பைப் படித்தால் பிணைப்பு நன்றாக இருக்கிறது, பணிதான் பொருந்தவில்லை. இதைப் பேசித் திருத்த முடியும்.

எண்ணத்தோடு வாதிடும் பயிற்சி, வாதிடுவதையே வாழ்க்கையாகக் கொண்டவருக்குப் பல நேரங்களில் உதவுவதில்லை. எண்ணத்தை மறுக்காமல், அது வந்துபோவதைக் கவனித்தபடியே நமக்கு முக்கியமானதைச் செய்யப் பழக்கும் ஏற்பு மற்றும் கடப்பாட்டுச் சிகிச்சையை அவரோடு சேர்ந்து முயன்று பார்க்கலாம். பேச்சை நிறுத்தி, "இதைச் சொல்லும்போது உடலில் எங்கே என்ன நடக்கிறது?" என்று கேட்கும் முறைகளும் உண்டு. வெற்று நாற்காலியில் ஒருவர் இருப்பதாகக் கொண்டு அவரிடம் நேராகப் பேச வைக்கும், கெஸ்டால்ட் என்ற சிகிச்சை முறையின் பயிற்சி நாடக ஆசிரியருக்கு எளிதாக வரும் என்று நினைக்கலாம். ஆனால் உரையாடல் எழுதுவது உங்களுக்குக் கைவந்த கலை என்பதால், நாற்காலியோடு பேசுகையில் வரிகளைச் செதுக்கத் தொடங்கிவிட்டால் மறுபடியும் தப்பித்துவிட்டீர்கள் என்று பொருள். நான் அறிந்தவரை, வாக்கியம் தடுமாறுகிற இடத்தில்தான் வேலை தொடங்குகிறது.

முடிக்க இயலாமையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உளவியலாளர்கள் பால் ஹெவிட், கோர்டன் ஃபிளெட் இருவரும் 1991இல் முழுமைவாதத்தை மூன்றாகப் பிரித்தனர்: தன்னிடமே முழுமையை எதிர்பார்ப்பது, பிறரிடம் எதிர்பார்ப்பது, பிறர் தன்னிடம் அதை எதிர்பார்ப்பதாக நம்புவது. மூன்றாவது வகையே சோர்வோடும் நம்பிக்கையிழப்போடும் மிகுதியாகப் பிணைந்திருப்பது. கெட்டிக்காரன் என்ற பெயர் உங்களுக்கு இன்னும் யாருடைய குரலில் கேட்கிறது என்பது அமர்வில் பேச வேண்டிய பொருள். ஏமாற்றிவிட்டதாகத் தோன்றும் கூச்சத்தை உளவியலாளர்கள் பாலின் கிளான்ஸும் சுசேன் ஐம்ஸும் 1978இல், பெருஞ்சாதனை புரிந்த பெண்களிடம் கண்டு விவரித்தார்கள். ஆண்களிடமும் அது இருப்பது பின்னர் தெரியவந்தது. அது நோய்ப்பெயர் அல்ல. சான்றிதழ்களைக் காட்டி அதைப் போக்கவும் முடியாது, ஏனெனில் ஒவ்வொரு புதிய வெற்றியும் இன்னொரு முறை தப்பித்துவிட்டதாகவே கணக்கில் ஏறும்.

மறுமொழி 2 | சான்று_எங்கே

முந்தைய மறுமொழியோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். தனித்துறையா, விளம்பரமா என்ற முதல் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் கறாராகப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

மிகுந்த அறிவுத்திறன் தன்னளவில் மனநலத்தைக் கெடுக்கும் என்பதற்கு வலுவான சான்று கிடையாது. அமெரிக்க உளவியலாளர் லூயிஸ் டெர்மன் 1921இல் கலிஃபோர்னியாவில் தொடங்கி, 1,500க்கும் மேற்பட்ட உயர் நுண்ணறிவுச் சிறாரைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், அவர்கள் சராசரியாகப் பிறரைப் போலவோ சற்று மேலாகவோதான் இருந்தார்கள். குழந்தைகளை முதலில் ஆசிரியர்கள் பரிந்துரைத்ததால், வகுப்பில் ஒத்துப்போகாத கெட்டிக்காரர்கள் தொடக்கத்திலேயே விடுபட்டிருக்கலாம் என்ற குறை அந்த ஆய்வுக்கு உண்டு. நுண்ணறிவு ஈவு (IQ) 180க்கு மேல் உள்ள சிறாரை ஆராய்ந்த லீட்டா ஹாலிங்வொர்த், ஒத்த வயதினரோடு பேச்சுப் பொருந்தாத தனிமையை அவர்களிடம் கண்டார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், திறன் நோயை உண்டாக்குவதில்லை. சூழலோடு பொருந்தாமை துன்பத்தை உண்டாக்கலாம் என்ற அளவுக்கே முடிவு செய்ய இயலும்.

இணையத்தில் "மிகையுணர்திறன்" பற்றிப் படித்திருப்பீர்கள். போலந்து மனநல மருத்துவர் கசிமியேஷ் டாம்ப்ரோவ்ஸ்கி (1902–1980) உடலியக்கம், புலனுணர்வு, அறிவு, கற்பனை, உணர்ச்சி என ஐந்து வகைத் தூண்டல் மிகுதிகளைச் சொன்னார். மனம் உடைந்து சிதறுவதே சிலருக்கு உயர்ந்த ஆளுமையாக மீண்டும் கூடுவதற்கான வழி என்பது அவருடைய நேர்மறைச் சிதைவுக் கோட்பாடு. படிக்கும்போது "என்னைப் பற்றியே எழுதியிருக்கிறார்" என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் மீத்திறன் உள்ளவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டும் அளவுகோலாக அதை நிறுவும் முயற்சிகள் உறுதியான பலன் தரவில்லை. அந்த ஐந்தில் பெரும்பகுதி, ஆளுமை உளவியலில் புதியவற்றுக்கான திறந்த மனம் என்று ஏற்கனவே அளக்கப்படுகிற பண்போடு ஒத்துப்போகிறது. மீத்திறன் கொண்டோருக்கென்று உருவான சிகிச்சை முறை ஒன்று வழக்கமான சிகிச்சையைவிட மேலானது என்று காட்டிய வலுவான ஒப்பீட்டு ஆய்வும் இல்லை.

இந்தப் பட்டப்பெயரில் இரண்டு பக்கமும் ஆபத்து இருக்கிறது. வேகமான பேச்சு, ஒன்றிலேயே மூழ்கிக் கிடத்தல், அலுப்பு ஆகியவற்றைப் பார்த்து நோய்ப்பெயரை அவசரமாகச் சூட்டிவிடுவார்கள் என்று இத்துறையினர் எச்சரிப்பது நியாயமானது. அதற்கு நேர்மாறாக, உண்மையான மனச்சோர்வை "ஆழமாகச் சிந்திப்பவனின் வாழ்வியல் வேதனை" என்று அழகுபடுத்தி ஆண்டுக்கணக்கில் சிகிச்சையின்றி விடுவதும் நடக்கிறது. தொடங்கியதை முடிக்க இயலாமைக்குப் பின்னால் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு (ADHD) இருக்கலாம். கூர்மையான அறிவு உள்ளவர்கள் பள்ளியில் கடைசி இரவில் படித்தே தேறிவிடுவதால், அது பெரியவர்களான பின்னரே வெளிப்படுவதுண்டு. உங்களுக்கு அதுதான் என்று சொல்லவில்லை, ஆனால் முறையான மதிப்பீடு செய்துகொள்ளாமல் எல்லாவற்றையும் மீத்திறன் கணக்கில் எழுதாதீர்கள்.

மறுமொழி 3 | நீலவண்ணம்

உங்கள் இரண்டாவது கேள்விக்காகவே எழுதுகிறேன். நான் ஓவியர், மனம் மிகை எழுச்சிக்கும் கடும் சோர்வுக்கும் மாறிமாறிப் போகும் இருதுருவக் கோளாறுக்காக லித்தியம் என்ற மருந்தை எடுத்துக்கொள்கிறேன். அந்த அச்சம் எனக்கு அந்நியமானதல்ல.

இந்த அச்சத்துக்குப் பழைய வரலாறு உண்டு. கவிஞர் ரில்கே 1912இல் உளப்பகுப்பாய்வு செய்துகொள்ள எண்ணி, பேய்களை ஓட்டினால் தேவதைகளும் ஓடிவிடுமோ என்று தயங்கிக் கைவிட்டார். எல்லோரும் அவரைச் சொல்கிறார்கள், ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மானினோவைச் சொல்வதில்லை. தம் முதல் சிம்பொனி 1897இல் படுதோல்வி அடைந்தபின் அவரால் ஏறத்தாழ எதையும் இயற்ற முடியவில்லை. 1900இல் நிகோலாய் டால் என்ற மருத்துவரிடம் சில மாதங்கள் அறிதுயிலும் (ஹிப்னாடிசம்) உரையாடலும் கலந்த சிகிச்சை பெற்றார். அதன்பின் எழுதி 1901இல் முழுமையாக அரங்கேறிய இரண்டாம் பியானோ கான்செர்ட்டோவை அந்த மருத்துவருக்கே காணிக்கையாக்கினார்.

தனிமனிதர் கதைகளை எப்படியும் திருப்பிக்கொள்ளலாம் என்பீர்கள். டென்மார்க் மனநல மருத்துவர் மோகென்ஸ் ஸ்கௌ, லித்தியம் எடுத்துக்கொண்ட 24 கலைஞர்களிடம் கேட்டு 1979இல் வெளியிட்ட முடிவு இது: 12 பேர் தங்கள் படைப்பு வேலை பெருகியதாகவும், 6 பேர் மாற்றமில்லை என்றும், 6 பேர் குறைந்ததாகவும் கூறினர். சிறிய ஆய்வுதான், அவர்களே சொன்னதுதான். குறைந்ததாகச் சொன்ன அந்த 6 பேரையும் நான் மறைக்க விரும்பவில்லை. அதனால்தான் மருந்தளவு, பக்கவிளைவு, வேலையின் தரம் மூன்றையும் மருத்துவரோடு திறந்து பேச வேண்டும் என்கிறேன்; மருந்தைத் தாமாக நிறுத்துவது வேறு விஷயம், அதைச் செய்யவே கூடாது.

ஸ்வீடனில் சைமன் கியாகா குழுவினர் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டதையும் பாருங்கள். படைப்புத் தொழிலில் இருப்பவர்களிடம் மனநோய்கள் பொதுவாக அதிகம் என்று அது காட்டவில்லை; இருதுருவக் கோளாறு அதற்கு விலக்கு. எழுத்தாளர்களிடம் மட்டும் பல கோளாறுகளும் தற்கொலையும் கூடுதலாகக் காணப்பட்டன. ஆகவே வேதனைதான் எழுத வைக்கிறது என்று எழுத்தாளர் ஒருவர் சொன்னால், அவருக்காக நான் கொஞ்சம் கவலைப்படுவேன். கடும் சோர்வில் இருந்த மாதங்களில் நான் வரைந்தது ஒன்றுமில்லை. அதிலிருந்து மீண்டபின் அதைப் பற்றி வரைந்தேன்.

மூன்றாம்_அங்கம்

மூவருக்கும் நன்றி. ஆலோசகரிடம் சொல்லத்தான் போகிறேன். ஆனால் அவர் மனம் புண்பட்டால் என்ன செய்வது என்ற தயக்கம் இருக்கிறது. ஒருவேளை வேறொருவரை நாட வேண்டிவந்தால், முதல் சந்திப்பில் எதைக் கேட்டு முடிவு செய்வது?

மறுமொழி 4 | செவிமடுப்பவள்

அவர் புண்படாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் நீங்களே எடுத்துக்கொள்கிறீர்கள் பாருங்கள். இதையும் அவரிடம் சொல்லுங்கள். பயிற்சி பெற்றவர் இத்தகைய குறையைக் கேட்டால், "எந்த இடத்தில் அப்படித் தோன்றியது?" என்று ஆர்வத்தோடு விசாரிப்பார். தற்காப்பில் இறங்கினாலோ, உங்களைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டாலோ, வேறிடம் தேடுவதில் தவறில்லை.

புதியவரிடம் "மீத்திறன் பற்றித் தெரியுமா?" என்று கேட்காதீர்கள், எவரும் ஆம் என்றே சொல்வார்கள். "நான் பேச்சால் தப்பிக்கிறவன்; அப்படி நான் செய்யும்போது நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "இடைமறிப்பேன், உங்களுக்குச் சம்மதமா?" என்கிற பாணியில் பதில் வந்தால் நல்ல அறிகுறி. தமக்குத் தெரியாத ஒன்றை நீங்கள் சொல்லும்போது தெரியாது என்று ஒப்புக்கொள்கிறாரா என்று கவனியுங்கள். உங்கள் அறிவைக் கண்டு மிரள்கிறவரும், அதோடு போட்டி போடுகிறவரும் உங்களுக்கு உதவ மாட்டார்கள். படைப்பு வேலையைப் பொழுதுபோக்காக ஒதுக்குகிறவரையும் தவிர்க்கலாம். ஆனால் அவர் நாடகம் பார்ப்பவராக இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

சோர்வு நீடிப்பதால், தைராய்டு, இரத்தசோகை போன்றவற்றுக்கான எளிய பரிசோதனைகளையும் மருத்துவரிடம் செய்துகொள்ளுங்கள். இரண்டாவது மறுமொழி சொன்ன மதிப்பீட்டையும் தள்ளிப்போட வேண்டாம். "எதற்காக இவ்வளவும்" என்ற எண்ணம் எப்போதாவது "இருந்துதான் என்ன" என்று திரும்பினால், அடுத்த அமர்வு வரை காத்திராமல் அன்றே ஆலோசகரிடமோ மருத்துவமனையிலோ சொல்ல வேண்டும். வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறதா என்ற கேள்வியை உங்கள் ஆலோசகர் இதுவரை நேராகக் கேட்கவில்லை என்றால், வரும் அமர்வை அதிலிருந்தே நீங்கள் தொடங்கலாம்.