‘ஹேண்ட்ஹோல்’ என்பதற்குக் கையெட்டறை: ஒளியிழை வலையமைப்பின் நிலத்தடி அறைகளுக்கான சொற்கள்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ஒளியிழை வடங்களைப் புதைக்கும் பணியில் நிலத்தடி அறைகளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைத் தமிழில் எழுதும்போது, பணியாளர் மேலே இருந்தபடியே கையை நீட்டி வேலை செய்யும் அறையான ‘ஹேண்ட்ஹோல்’ என்பதற்கு எந்தச் சொல்லை ஆள்வது என்ற கேள்விக்கு, நம் சொற்பட்டியலுக்காக இதுவரை கைக்குழி, கைத்துளை, புதைபெட்டி, வடத்தொட்டி ஆகிய நான்கும் முன்மொழியப்பட்டுள்ளன. நான் முன்வைப்பது ‘கையெட்டறை’. அதற்கு இணையாக, ஆள் உள்ளே இறங்கும் அறையான ‘மேன்ஹோல்’ என்பது ‘ஆளிறங்கறை’ ஆகட்டும். இரண்டுக்கும் பொதுச்சொல்லாக, வழக்கில் ஏற்கெனவே உள்ள ‘நிலவறை’ என்பதையே கொள்ளலாம்.

அறையைத் தேர்ந்தெடுக்கும் பொறியாளர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, பணியாளர் உள்ளே இறங்குவாரா, அல்லது மேலே இருந்தபடியே கையை நீட்டி வேலையை முடிப்பாரா என்பதைத்தான். அளவு, ஆழம், மூடி, விலை அனைத்தும் இந்த முடிவிலிருந்தே பிறக்கின்றன. ஆள் இறங்கும் அறை என்றால் அது காற்றோட்டமற்ற அடைபட்ட இடம். மீத்தேன், ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு போன்ற வாயுக்கள் அங்கே தேங்கியிருக்கக்கூடும். ஆக்சிஜன் குறைந்திருக்கவும் கூடும். ஆகவே இறங்குவதற்கு முன் வாயுச் சோதனையும், காற்று செலுத்தும் ஏற்பாடும், மேலே ஒருவர் நின்று கண்காணிப்பதும், மீட்புக் கருவிகளும் கட்டாயமாகின்றன. கை மட்டும் எட்டும் அறையில் உள்ளே இறங்கும் இந்த ஆபத்து எழுவதே இல்லை. உயிர்ப் பாதுகாப்பைத் தீர்மானிக்கும் இந்த வேறுபாட்டைச் சொல்லே உணர்த்திவிடுமானால், படிப்பவர் வரையறையைத் தேடிப் போக வேண்டியதில்லை. கையெட்டறை, ஆளிறங்கறை என்னும் இணை அதைச் செய்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

முன்மொழியப்பட்ட சொற்களில் ‘குழி’யில் முடிவனவற்றை நான் ஏற்கத் தயங்குவதற்குக் காரணம், குழி என்பது தோண்டப்பட்ட பள்ளம், நாம் பெயரிடுவதோ அந்தப் பள்ளத்துக்குள் இறக்கி வைக்கப்படும், ஆலையில் வார்க்கப்பட்ட ஒரு பொருள். நிறுவும் முறையை எழுதும்போது ‘முதலில் குழியைத் தோண்டி, அடியில் சரளைக்கல் பரப்பிக் கெட்டித்து, அதன் மேல் அறையை மட்டம் பார்த்து வைக்கவும்’ என்று சொல்ல வேண்டியிருக்கும். இங்கே இரண்டுமே குழியானால் வாக்கியம் குழம்பிவிடும். ‘துளை’ சுவரிலோ பலகையிலோ இடும் ஓட்டையைத்தான் குறிக்கிறது. அறையின் பக்கச் சுவர்களில் குழாய்கள் நுழையும் வாய்களுக்கு அந்தச் சொல் உண்மையிலேயே தேவைப்படுவதால் அதை அங்கே விட்டுவைப்பது நல்லது. ‘தொட்டி’ பணியிடத்தில் எளிதாகப் புரியும் என்பது உண்மைதான். ஆனால் தொட்டி என்றால் நீரைத் தேக்கி வைப்பது என்ற பொருளே முந்தி வரும். இந்த அறைகளிலோ பல அடிப்பகுதியே இல்லாமல், நீர் சரளைப் படுகைக்குள் வடிந்து போகும்படி அமைக்கப்படுபவை. ‘புதைபெட்டி’யைப் படித்ததும் எனக்கு வேறு வகைப் பெட்டி நினைவுக்கு வந்தது; புதைகுழி, புதைகாடு என்ற சொற்கள் வழக்கில் இருக்கும் வரை பலருக்கும் அப்படித்தான் வரும். ‘புழை’ என்ற பழஞ்சொல்லைக் கொண்டு ‘கைப்புழை’ என்று ஆக்கலாமா என்றும் எண்ணிப் பார்த்தேன். ஆயினும் யானையின் துதிக்கைக்குப் ‘புழைக்கை’ என்ற பெயர் இருப்பதால் அதையும் கைவிட்டேன்.

கையெட்டறைக்கு எழக்கூடிய ஒரு மறுப்பை நானே சொல்லிவிடுகிறேன். ‘எட்டறை’ என்று பிரித்தால் எட்டு அறைகள் என்று பொருள் கொள்ள இடமுண்டு. ஆனால் ‘கைக்கெட்டிய தூரம்’ என்பது அன்றாட வழக்கு என்பதால், முன்னே ‘கை’ நிற்கும்போது அந்த மயக்கம் நீடிக்காது.

இனி, சொல் எவ்வளவு தூரம் தாங்குகிறது என்பதைப் பணியை வைத்தே பார்க்கலாம். இழைகளை ஒட்டும் பணியாளர் சாலையோரத்தில் மண்டியிட்டு, திறவுகோலால் மூடியைக் கழற்றி, சுவரில் மாட்டப்பட்டிருக்கும் வடச் சுருளை அவிழ்த்து, அதன் முனையில் உள்ள இணைப்புறையை மேலே தூக்கி, அருகில் நிற்கும் வண்டிக்கோ கூடாரத்துக்கோ கொண்டு போகிறார். நீரும் தூசும் புகாதபடி இழை ஒட்டுகளை மூடிக் காக்கும் உறையைத்தான் இணைப்புறை என்கிறேன். களத்தில் அதைக் ‘குளோசர்’ என்பார்கள். ஒட்டுப் பொறிக்குத் தூய்மையும் வறட்சியும் வேண்டும் என்பதால் ஒட்டும் வேலை அறைக்குள் நடப்பதில்லை. ஆகவே உறை வண்டி வரை எட்டும் அளவுக்கு ஒவ்வொரு பக்கமும் பல மீட்டர் உபரி வடம் அறைக்குள் சுருண்டு கிடக்க வேண்டும். அறையின் உள்ளளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்தச் சுருள்தான். வடத்தை இழுக்கும்போது அதன் விட்டத்தைப் போல் 20 மடங்கும், இழுவிசை நீங்கிய பிறகு 10 மடங்கும் குறைந்தபட்ச வளைவு ஆரமாக இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. 15 மில்லிமீட்டர் விட்டமுள்ள வடத்துக்கு அது முறையே 300 மில்லிமீட்டராகவும் 150 மில்லிமீட்டராகவும் ஆகிறது. அதாவது ஓய்வில் இருக்கும் சுருளே 300 மில்லிமீட்டர் அகலத்துக்குக் குறையக் கூடாது. இந்த எல்லையில் வைத்துச் சுருட்டுவதும் நல்ல பழக்கமன்று. அதனுடன் இணைப்புறையின் நீளத்தையும், குழாய் வாயிலிருந்து வடம் திரும்புவதற்கான இடத்தையும், வருங்காலத்தில் சேரக்கூடிய இரண்டாவது வடத்தையும் கணக்கில் எடுத்தால், வரைபடத்தில் போதுமானதாகத் தெரிந்த சிறிய அறை களத்தில் போதாது என்பது விளங்கும். அளவில் ஐயம் வந்தால் ஒரு படி பெரியதைத் தேர்ந்தெடுப்பதே சரி. பின்னர் தோண்டி மாற்றுவது மிகவும் கடினம்.

இந்தச் சுருளை வைத்துத்தான் இன்னொரு வேறுபாட்டுக்கும் பெயர் தேவைப்படுகிறது. சில அறைகளில் இணைப்பு நடக்கிறது. சிலவற்றின் வழியே வடம் இழுக்கப்பட்டோ காற்றால் ஊதிச் செலுத்தப்பட்டோ கடந்து போக மட்டுமே செய்கிறது. முன்னதை ‘இணைப்பறை’ எனலாம். பின்னதை ‘இழுப்பறை’ என்று சொல்ல நாக்கு உந்தினாலும், மேசையில் உள்ள இழுப்பறை அந்தச் சொல்லைப் பிடித்து வைத்திருக்கிறது. ஆகவே ‘இடையறை’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். இவை பயனைக் குறிக்கும் பெயர்கள். கையெட்டறையும் ஆளிறங்கறையும் அணுகும் முறையைக் குறிப்பவை. ஒரே அறை கையெட்டறையாகவும் இணைப்பறையாகவும் இருக்கலாம் என்பதைச் சொற்பட்டியலில் தெளிவாக எழுதிவிட வேண்டும்.

சுமை பற்றிய சொற்களில் நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், ஏனெனில் இங்கேதான் தவறான தேர்வு சாலையில் விபத்தாக முடிகிறது. ஐரோப்பியத் தரமான ஈஎன் 124 மூடிகளை ஏ15, பி125, சி250, டி400, ஈ600, எஃப்900 என்று வகுக்கிறது. எண்கள் சோதனை விசையைக் கிலோநியூட்டனில் குறிக்கின்றன. ஏ15 நடப்பவர்களும் மிதிவண்டி ஓட்டுபவர்களும் மட்டும் செல்லும் இடத்துக்கு, பி125 நடைபாதைக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும், சி250 சாலையோர விளிம்புக்கு, டி400 வண்டிகள் ஓடும் சாலைக்கு உரியவை. மற்ற இரண்டும் துறைமுகம், விமானத் தளம் போன்றவற்றுக்கு. இந்தத் தரம் மூடிக்கும் அதைத் தாங்கும் சட்டத்துக்கும் மட்டுமே உரியது. அறையின் சுவருக்கு அன்று. ‘டி400 அறை’ என்று ஆவணங்களில் எழுதுவதைப் பார்க்கிறோம். அப்படி எழுதினால் சுவரின் வலிமை சோதிக்கப்பட்டதா என்பதே மறைந்துவிடுகிறது. ‘மூடிச் சுமைத்தரம்’ என்றும் ‘உடல் சுமைத்தரம்’ என்றும் தனித்தனியே எழுதும் வழக்கத்தைத் தமிழில் முதலிலிருந்தே கொண்டுவந்துவிடலாம்.

அமெரிக்கத் தரமான எஸ்சிடிஇ 77 வேறு வழியில் போகிறது. அது மூடியுடன் உடலையும் சேர்த்து, பக்கவாட்டு அழுத்தம் உட்படச் சோதிக்கிறது. அதன் ‘டியர் 15’ என்னும் அடுக்கு 15,000 பவுண்டு வடிவமைப்புச் சுமையையும் அதன் ஒன்றரை மடங்கான 22,500 பவுண்டு சோதனைச் சுமையையும் குறிக்கிறது. ஆனால் அது தற்செயலாக ஏறிவிடும் வண்டிகளுக்கான தரமே தவிர, வண்டிகள் ஓடும் தடத்துக்கானது அன்று. ‘டியர்’ என்ற சொல்லுக்குச் ‘சுமையடுக்கு’ என்பது பொருந்தும். சுமைத்தரத்தோடு அதைக் கலக்கக் கூடாது.

பொருள்களின் பெயர்களில் சிக்கல் அதிகமில்லை. கான்கிரீட், பாலிமர் கான்கிரீட், கண்ணாடியிழை நெகிழி, உயரடர்த்திப் பாலிஎத்திலீன் என்று அப்படியே எழுதலாம். கான்கிரீட் அறைக்குப் பளுதூக்கி வேண்டும். அடுக்கிப் பொருத்தும் நெகிழி அறையை ஆட்களே தூக்கி வைத்துவிடலாம். ஆயினும் நிலத்தடி நீர்மட்டம் உயரும் இடத்தில், அடிமூடிய இலகுவான அறை மேலே மிதந்து வரக்கூடும் என்பதைத் தேர்வின்போதே பார்க்க வேண்டும். அதற்கு ‘மிதப்பெழுச்சி’ என்று நான் எழுதி வருகிறேன்.

கடைசியாக, சாலைக்குப் புதிய தார்ப்படலம் போடும்போது மட்டம் தாழ்ந்துபோகும் மூடியை உயர்த்த, சட்டத்தின் மேல் வைக்கப்படும் துண்டுக்குப் பெயர் வேண்டும். ‘உயர்த்து வளையம்’ வட்ட மூடிக்குப் பொருந்தினாலும், கையெட்டறைகளின் மூடிகள் பெரும்பாலும் செவ்வகம் என்பதால் ‘உயர்த்துசட்டம்’ என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன். களப்பணியாளர்களிடம் இதற்கு வேறு சொல் புழங்குமானால், பட்டியலை முடிக்கும் முன் தெரிவித்தால் அதையே முதன்மைச் சொல்லாகச் சேர்த்துவிடலாம்.