1922 புரூஸ்டன் சுரங்க வானொலிச் சோதனை: பாறை வழியா, தண்டவாளம் வழியா?

கேள்வி:
பிட்ஸ்பர்க் அருகே புரூஸ்டன் சோதனை நிலக்கரிச் சுரங்கத்தில், 1922-ல் கே.டி.கே.ஏ. வானொலி நிலையத்தின் ஒலிபரப்பு சுமார் 50 அடி ஆழத்தில் கேட்டிருக்கிறது. அலைநீளம் 360 மீட்டர். பாறையைத் தாண்டி வந்ததா, தண்டவாளம், குழாயைப் பிடித்து வந்ததா? இன்று திரும்பச் செய்தால் எப்படிப் பிரித்தறிவது?

பதில் 1:
முதலில் கணக்குப் போடுங்கள். அலை 37 விழுக்காடாகத் தேயும் ஆழம் (மீட்டரில்) = 503 × √(மின்தடைத்திறன் ÷ ஹெர்ட்ஸ்). 360 மீட்டர் என்றால் 833 கிலோஹெர்ட்ஸ். பாறை 100 ஓம்-மீட்டர் என்று வையுங்கள்: 5.5 மீட்டர் வரும். 50 அடிக்கு இழப்பு 24 டெசிபல்தான். பாறை வழியாகவே வந்திருக்கலாம். ஈரம் ஏறி 20 ஓம்-மீட்டர் ஆனால் அதுவே 54. ஆனால் 100 மீட்டர் ஆழத்தில், 100 ஓம்-மீட்டரிலேயே 158 டெசிபல். அங்கே பாட்டுக் கேட்டால் இரும்போ கம்பியோ கொண்டுவந்தது, சந்தேகமே வேண்டாம்.

சுரங்க வாய் வழியாக நுழைந்தது என்பதும் எடுபடாது. 5 மீட்டர் அகலப் பாதையில், கம்பி எதுவும் இல்லாவிட்டால், 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே அலை ஓடாது.

பதில் 2:
கணக்கு சரி, ஆனால் தண்டவாளம் கிடக்கிற இடத்தில் அளந்தால் இரண்டும் கலந்துதான் வரும். ஆன்டெனாவுக்கு 60 செ.மீ. சதுரச் சட்டத்தில் 10 சுற்றுக் கம்பி, அலைவரிசையைப் பிடிக்கத் திருகும் 500 பிகோஃபாரட் கேங் கண்டென்சர் போதும். மேலே தரையில் சட்டத்தை நிமிர்த்திச் சுழற்றி, சத்தம் அடங்கும் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள். கீழேயும் அதே திசையில் அடங்கினால் பாறை வழி. தண்டவாளத்திலிருந்து பக்கவாட்டில் நகர நகர அடங்கும் கோணமும் சாய்ந்துகொண்டே போனால் இரும்பு வழி. கீழே திசை பார்க்கக் காம்பஸை நம்பாதீர்கள், அதே தண்டவாளம் முள்ளை இழுத்துவிடும். சர்வே வரைபடத்தில் பாதையின் திசையை எடுங்கள்.

பிறகு தண்டவாளம், கம்பி, குழாய் எதுவும் இல்லாத குறுக்குப் பாதையில் 10, 15 மீட்டர் உள்ளே போய்ப் பாருங்கள். ஏ.ஜி.சி.யை (ரிசீவர் சத்தத்தைத் தானே சமப்படுத்தும் அமைப்பு) அணைத்துவிட்டு அட்டெனுவேட்டர் (சிக்னலைத் தெரிந்த அளவு குறைக்கும் கருவி) வைத்து அளக்க வேண்டும். ஏ.ஜி.சி. ஓடினால் 30 டெசிபல் விழுந்தாலும் காதுக்குத் தெரியாது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

பதில் 3:
மீத்தேன் உள்ள சுரங்கமானால் சாதாரண ரிசீவரோ கைபேசியோ உள்ளே கூடாது. தீப்பொறி பாதுகாப்புச் சான்று பெற்ற கருவி மட்டும்.

1940-களில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் பொறியாளர் டிரெவர் வாட்லி பாறை வழி வானொலித் தொடர்பை ஆராய்ந்தார். அங்கே காய்ந்த குவார்ட்சைட் பாறை. 2000 ஓம்-மீட்டர், 300 கிலோஹெர்ட்ஸ் போட்டுப் பாருங்கள், 37 விழுக்காடாகத் தேயும் ஆழம் 41 மீட்டர் வரும். நிலக்கரிச் சுரங்கத்தில் அந்த வசதி இல்லை. பிற்பாடு அலையைக் கசியவிடும் கேபிளையே வேண்டுமென்று பாதை நெடுக இழுத்தார்கள்.